பெயர் சொல்லாத தேத்தண்ணீர்

கால் விரலில் இருந்த புண் ஆறிவிட்டது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கு மறுபடியும் வேலைக்குப் போகிறேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் நிற்கும்போதும், வெள்ளிக்கிழமை கோயிலிலும் ஆட்கள் கேட்கிறார்கள். "என்னாண்ணே, ஆஸ்பத்திரியில என்னா செஞ்சாங்க?" எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. "ஒன்னுமில்ல லா, இனிப்பு நீருதான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆனால் எனக்கு நடந்தது இன்னொரு வீட்டிலும் நடக்கலாம். வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு செம்பனை முள். குலை வெட்டுகிறவனுக்கு முள் குத்துவது அதிசயமில்லை. மஞ்சளை அரைத்துப் பூசினால் நாலு நாளில் காய்ந்துவிடும். இந்தத் தடவை காயவில்லை. விரல் கறுத்து, காலணிக்குள் ஈரமாகவே இருந்தது. இரவில் பலமுறை எழுந்து வெளியே போனேன். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

தோட்டத்து மருந்துக் கொட்டகையில் இருக்கும் டிரஸ்ஸர், சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து வரச் சொன்னார். அதில் ஒரு நீல மருந்தை ஊற்றி நெருப்பில் காட்டினார். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை, பச்சையானால் கொஞ்சம், செங்கல் நிறமானால் நிறைய என்று விளக்கினார். என்னுடையது செங்கலைத் தாண்டிப் போனது.

"அண்ணே, எறும்புங்க ஒங்க வீட்டுலதான் கல்யாணம் வைக்கும்போல" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இந்த நோயால் கால் எடுத்தவர் ஒருவர் இருந்தார்.

கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு கொடுத்து அனுப்பினார். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்து, இனிப்பு நீர்தான் என்று உறுதி செய்தார்கள். காலையும் மாலையும் மாத்திரை. மாத்திரை போட்டதும் சாப்பிட வேண்டும் என்றார்கள். சரியென்று தலையாட்டினேன்.

என் மனைவி அஞ்சலை அந்த மாத்திரை உறையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்ளோதானா? இந்தப் பட்டாணி மாதிரி இருக்கிறதா காலைக் காப்பாத்தப் போவுது?"

மறுநாளே அவள் தேத்தண்ணீர் வைக்க ஆரம்பித்தாள்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு தேத்தண்ணீர் உண்டு. சளிக்கு இஞ்சியும் துளசியும். வயிற்று வலிக்கு வறுத்த ஓமம். உடம்பு அலுப்புக்குச் செராய் என்கிற எலுமிச்சம்புல் தண்டைத் தட்டிப் போட்டு, ஒரு துண்டு பட்டையும் சேர்த்துக் கொதிக்க வைப்பாள். மழையில் நனைந்து வந்தால் சுக்கும் மிளகும். இதற்கெல்லாம் பெயர் உண்டு, சத்தமாகவும் சொல்லலாம். புதிதாக வைத்ததற்கு மட்டும் பெயர் சொல்லவில்லை.

குழாய்க்குப் பக்கத்தில் பழைய பால்மாவு டின்களில் அவள் செடி வளர்ப்பாள். அதில் ஒரு செடியில்தான் அந்த இலை. பொழுது விடிவதற்கு முன்னால் குளித்து, ஈரத் தலையோடு, யாரோடும் பேசாமல் பறிப்பாள். தன் நிழல் செடிமேல் விழக்கூடாது என்று வெளிச்சம் வருமுன் பறித்துவிடுவாள். காம்பு நீக்கி, முறத்தில் பரப்பி, வெயில் படாமல் கூரைக்கடியில் காய வைப்பாள். இலை நொறுங்கும் பதம் வந்ததும் ஒரு கைப்பிடி அள்ளி மண்சட்டியில் போடுவாள். மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்தால் வாடை ஏறிவிடும் என்று வாசலில் மூன்று கல் கூட்டி விறகு எரிப்பாள். நாலு குவளைத் தண்ணீர் ஒரு குவளையாகச் சுண்ட வேண்டும். கடைசியில் எனக்காக ஒரு சிட்டிகை தேயிலைத் தூள். வெறும் மருந்து என்றால் முகம் சுளிப்பேன், தேத்தண்ணீர் என்றால் குடித்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

முதல் மடக்கிலேயே காது வரை கசந்தது.

"என்னா எலை இது?"

"கேக்கக் கூடாது. குடுக்கிறவ சொல்லக் கூடாது, குடிக்கிறவங்க காதுல விழக் கூடாது. பேரு வெளிய வந்தா மருந்து செத்துப் போயிரும். மூச்சப் புடிச்சிக் குடிங்க."

பத்தியமும் சொன்னாள். குடித்த பிறகு வெயில் செம்பனை மரத்துக்கு மேலே ஏறும் வரை பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாது. மாத்திரை போட்டால் சாப்பிட வேண்டும்; இலையைக் குடித்தால் சாப்பிடக் கூடாது. நான் இரண்டையும் போட்டுக்கொண்டு அவள் பேச்சைக் கேட்டேன். இரண்டு மருந்து சேர்ந்தால் இரண்டு மடங்கு சீக்கிரம் ஆறும் என்றுதான் இரண்டு பேருமே நினைத்தோம். உண்மையில் புண்ணும் காய ஆரம்பித்தது. டிரஸ்ஸரின் குழாயில் நிறம் பச்சைக்கு வந்தது. அஞ்சலை அடுப்புக் கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு காலை, குலையை வெட்ட அரிவாள் கம்பைத் தூக்கினேன். கம்பு கனத்தது. உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஏதோ சொல்வது தெரிந்தது, என்ன சொன்னார் என்று தெரியவில்லை. மரங்கள் வரிசையாக ஒரு பக்கம் சாய்ந்தன. அதற்குமேல் ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது வார்டு. கையில் ஊசி, மேலே தொங்கும் புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சர்க்கரைத் தண்ணீர். இனிப்பு அதிகம் என்று வந்தவனுக்கு இனிப்பை ஏற்றுகிறார்களே என்று பயந்துபோனேன். வார்டு டாக்டர் இளம் சீனர், கண்ணாடி போட்டவர். என்னைப் போலவே மெதுவாகத்தான் மலாய் பேசுவார். அதனால் அவரிடம் எனக்குக் கூச்சம் குறைவாக இருந்தது.

"மூளை ஒரு விளக்கு, சர்க்கரை அதற்கு எண்ணெய்" என்றார். "எண்ணெய் வழிந்தால் வீடு மெதுவாகப் பாழாகும். எண்ணெய் தீர்ந்தால் விளக்கு உடனே அணைந்துவிடும். உனக்குத் தீர்ந்துவிட்டது. ஏன் என்றுதான் தெரியவில்லை."

மாத்திரையைப் பாதியாக்கினார். என்னை வார்டிலேயே வைத்துப் பார்க்கச் சொன்னார்.

வார்டு நாட்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான். விடிந்ததும் விரலில் ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தத்தைத் தாள் துண்டில் வைத்து, நிறம் மாறியதும் புட்டியில் ஒட்டியிருக்கும் நிறங்களோடு ஒத்துப் பார்ப்பார்கள். பிறகு சிறுநீர். பிறகு கால் புண்ணுக்குக் கட்டு. அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் செலவு பெரிதில்லை. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதுதான் தலையணைக்கடியில் கிடந்த கவலை. அதைவிடப் பெரியது, இனி மரத்தடியில் கம்பு பிடிக்கவே விடமாட்டார்களோ என்பது.

பக்கத்துக் கட்டிலில் ராமையா என்ற லோரி டிரைவர். முறிந்த காலை மாவுக்கட்டோடு தொங்கவிட்டிருந்தார்கள். உலு யாம் வளைவில் லோரியைப் பள்ளத்தில் இறக்கியவர். நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவரே பேசினார்.

"அண்ணே, நீங்க ஊமையா, இல்ல டாக்டருக்குப் பயந்து நடிக்கிறீங்களா?"

"பேசறதுக்கு ஒன்னும் இல்ல."

"அதான் பொண்டாட்டி அமைதியா இருக்காங்க. என் வீட்டுல வந்தா பாருங்க, இந்த வார்டையே காலி பண்ணிருவா."

வார்டில் எனக்குத் தலை சுற்றவே இல்லை. தாளில் நிறம் ஒழுங்காக இருந்தது. டாக்டருக்கு அதுதான் குழப்பம். இங்கே சரியாக இருப்பவன் வீட்டில் ஏன் விழுந்தான் என்று தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

நாலாம் நாள் சாயங்காலம் அஞ்சலை வந்தாள். தோட்டத்து லோரியில் பத்தாங் பெர்ஜுந்தாய் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருவாள். கூடையில் துண்டு, வேட்டி, அடியில் ஒரு பிளாஸ்க். மூடியைத் திறந்ததும் எனக்கு வாடையிலேயே தெரிந்துவிட்டது.

"நாலு நாளா மருந்து நின்னு போச்சி. விட்ட எடத்துலருந்து புண்ணு மறுபடி ஆரம்பிக்கும். குடிச்சிருங்க. சாப்பாடு வந்தா தொடாதீங்க, எறங்கட்டும்."

அவ்வளவு தூரம் அதை ஆறாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். குடித்தேன். சாயங்கால மாத்திரையை ஏற்கெனவே போட்டிருந்தேன். சாப்பாட்டுத் தட்டு வந்தபோது ராமையாவிடம் நகர்த்தினேன். அவர் இரண்டு தட்டு மீனையும் முடித்துவிட்டுக் கையை நக்கிக்கொண்டிருந்தார். விளக்குப் போடும் நேரத்தில் எனக்கு வேர்க்க ஆரம்பித்தது.

"மிஸ்ஸி, மிஸ்ஸி" என்று ராமையா நர்ஸைக் கூப்பிடுவது எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

இந்த முறை நரம்பில் நேராக ஊசி. விழித்தபோது டாக்டர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"சாப்பிட்டாயா?"

நான் வாய் திறப்பதற்குள் ராமையா ஒப்புக்கொண்டார். "நான்தான் சாப்ட்டேன் டாக்டர். மீனு நல்லா இருந்திச்சி."

டாக்டர் சிரிக்கவில்லை. வேறு ஏதாவது குடித்தாயா என்று கேட்டார். குடித்தேன் என்றேன். என்ன? இலை. மலாயில் இலைக்கு டாவுன். "டாவுன் அப்பா?" என்றார். என்ன இலை என்று கேட்கிறார். தெரியாது என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் தெரியாது என்றேன்.

"தினமும் குடிப்பது என்னவென்று தெரியாதா?"

"மனைவி கொடுப்பாள். குடிப்பேன்."

பக்கத்தில் நின்ற மலாய் மிஸ்ஸி, நடு வயதுக்காரர், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டாக்டர் அவரிடம் ஏதோ சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சில இலை சர்க்கரையைக் குறைக்கும், மாத்திரையும் குறைக்கும், பட்டினியும் குறைக்கும், மூன்றும் சேர்ந்தால் நீ எழுந்திருக்க மாட்டாய் என்றார். சில இலை சிறுநீரகத்தையே கெடுக்கும், அப்படியென்றால் வேறு சிகிச்சை, வேறு ஆஸ்பத்திரி. எந்த இலை என்று தெரியாமல் உன்னை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று முடித்தார். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். அந்த முடிவு வர நாளாகும்.

மறுநாள் அஞ்சலை வந்தபோது டாக்டர் அவளிடமே கேட்டார். மிஸ்ஸியும் கேட்டார், அன்பாகத்தான். அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டு சேலை நுனியைச் சுருட்டினாள். நான் விழுந்த செய்தி கேட்டு முகம் வெளுத்திருந்தது. ஆனால் பெயர் வரவில்லை.

எங்கள் மகள் கலா அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். சுங்கை சோ பக்கம் பேக்டரியில் வேலை, தோழிகளோடு ஒரு வீட்டில் தங்கியிருக்கிறாள். அவளுக்குப் பொறுமை இல்லை.

"ஏம்மா, பேரச் சொல்றதுல என்னா இருக்கு? அப்பா உயிரு பெருசா, ஒங்க எலை பெருசா?"

"ரெண்டும் ஒன்னுதான்டி" என்றாள் அஞ்சலை.

"டாக்டர் அப்பாவ அனுப்ப மாட்டாராம் லா."

"தெரியும். எனக்கு மலாய் தெரியாதா?"

கலா கோபத்தில் கன்டீனுக்குப் போய்விட்டாள். நானும் அஞ்சலையும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவளே பேசினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சொல்லாதது.

அவள் பிறந்தது உலு யாம் பக்கத்துத் தோட்டம். அவளுடைய அக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. பச்சிலை கொடுத்தவர், பெயரை யாரிடமும் சொல்லாதே என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். குழாயடியில் யாரோ வற்புறுத்திக் கேட்க, அம்மா சொல்லிவிட்டார். அந்த வாரமே அக்கா இறந்துவிட்டாள்.

"எலை கேட்டுச்சோ கேக்கலையோ, ஆனா அன்னியிலருந்து எங்கப்பா எங்கம்மா கையால ஒரு வா தண்ணி வாங்கிக் குடிக்கல. தானே மொண்டு குடிப்பாரு. சாவுற வரைக்கும். அம்மா தெனமும் கொவளையக் கழுவி வைக்கும், அவரு தொட மாட்டாரு." பிறகு சொன்னாள், "ஒங்களுக்கு ஏதாச்சும் ஆனா எனக்குத் தாங்காது. ஆகாமப் பொழைச்சி வந்து நீங்க அப்படி இருந்தாலும் தாங்காது."

உன் அப்பா செய்தது தப்பு என்று சொல்லலாம். உன் அக்கா செத்தது காமாலையால் என்று சொல்லலாம். எதுவும் வாயில் வரவில்லை. அவளுடைய கூடையில் பிளாஸ்க் இருந்தது. அன்று அதில் வெறும் வெந்நீர்தான். எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"ஊத்திக் குடு."

"அங்க வார்டுல தண்ணி இருக்கே."

"நீ குடு."

மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். இன்னும் கொஞ்சம் கேட்டேன். அதையும் கொடுத்தாள். தாகமே இல்லை எனக்கு. மூன்றாவது தடவை ஊற்றும்போது மூடி நிரம்பி, என் லுங்கியில் சிந்தியது. அவள் துடைத்துவிட்டாள். நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. பார்வை நேரம் முடிந்து மணி அடிக்கும் வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராமையாகூட அன்று கிண்டல் செய்யவில்லை. தன் வீட்டிலிருந்து வந்த ஆரஞ்சில் ஒன்றை உரித்து என் பக்கம் நீட்டி, நினைவு வந்து திரும்ப எடுத்துக்கொண்டார். "ஒங்களுக்கு ஆகாது லா" என்று தானே சாப்பிட்டார்.

அதற்கு மறுநாள் காலை, டாக்டர் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வரும் நேரம். பார்வை நேரமே இல்லை. வார்டு வாசலில் ஒரு சத்தம். காவல்கார ஜாகா யாரையோ தடுத்துக்கொண்டிருந்தார். "பூச்செடியெல்லாம் உள்ள கொண்டு போவக் கூடாது."

"இது பூச்செடி இல்ல. என் வீட்டுக்காரரு குடிச்ச மருந்து" என்று அஞ்சலையின் குரல் கேட்டது. அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

டாக்டர் கை காட்ட, ஜாகா விலகினார். இரண்டு கையாலும் பால்மாவு டின்னை அணைத்தபடி வந்தாள். வேரோடு, மண்ணோடு அந்தச் செடி. அவ்வளவு தூரமும் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பஸ் கண்டக்டர், இந்தப் பிள்ளைக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கேட்டாராம். இதைப் பிறகுதான் சொன்னாள். அப்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. என் கட்டிலருகே இருந்த சின்ன அலமாரிமேல் டின்னை வைத்துவிட்டு, டாக்டரைப் பார்த்து, "இதுதான்" என்றாள்.

பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே கொண்டுவந்துவிட்டாள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மிஸ்ஸியைக் கூப்பிட்டார். மிஸ்ஸி ஒரு இலையைக் கிள்ளி, கசக்கி முகர்ந்து, நுனியைக் கடித்தார். முகம் கோணியது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது. சொல்லப்போகிறார் என்று வாய் திறந்தபோது, அஞ்சலை கட்டிலுக்குப் பின்னால் ஓடிவந்து என் இரண்டு காதையும் பொத்தினாள்.

தெருவில்கூட என்னோடு ஒட்டி நடக்காதவள். கோயிலில் ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்க்காதவள். வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கையில் மண் ஒட்டியிருந்தது. விறகுப் புகை வாடை அடித்தது. மிஸ்ஸி பேசுவதும், டாக்டர் தலையாட்டி எழுதுவதும், ராமையா வாயைப் பிளந்து பார்ப்பதும் எனக்குத் தெரிந்தன. எனக்குக் கூச்சத்தில் முகம் எரிந்தது. ஆனால் கையை எடு என்று சொல்லத் தோன்றவில்லை.

டாக்டர் பேசி முடிக்கும் வரை அவள் கையை எடுக்கவில்லை. பிறகு மிஸ்ஸியே அவளுக்கு விளக்கினார். தன் அப்பாவும் கம்பத்தில், அவர்கள் கிராமத்தில், இதைத்தான் குடிக்கிறார், கெட்ட இலை இல்லை. ஆனால் மாத்திரையோடு சேரக்கூடாது, பட்டினியோடு சேரவே கூடாது. மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும் வரை இலையை நிறுத்திவிடு என்றார். அஞ்சலை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"அண்ணே, குடுத்து வச்சவரு நீங்க" என்றார் ராமையா. "என் பொண்டாட்டி காதப் புடிச்சா திருகத்தான் புடிப்பா."

ரத்த முடிவு வந்தது. சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை. வேறு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. மாத்திரை பாதியாகவே நின்றது. விரலில் ஓரமாகக் கொஞ்சம் தோலை வெட்டி எடுத்தார்கள், விரல் தப்பியது. வீட்டுக்குப் போகும்போது டாக்டர் ஒன்று சொன்னார். மயக்கம் வருவதுபோல் இருந்தால் உடனே வாயில் போட, சட்டைப் பையில் எப்போதும் ஒரு இனிப்பு மிட்டாய் வைத்துக்கொள். இப்போது காட்டில் என் பையில் மிட்டாய் இருக்கும். மண்டோர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் இனிப்பு நீருக்கு மாத்திரை போடுகிறவர் இருந்தால், கூடவே ஏதாவது இலை, வேர், பட்டை குடித்தால், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள் என்று பயப்பட வேண்டாம், என்னைத் திட்டவில்லை. பெயர் சொல்லக் கூடாத மருந்தாக இருந்தால் செடியையே தூக்கிக்கொண்டு போங்கள். அதற்கு எந்தச் சாத்திரத்திலும் தடை இல்லை.

இப்போது காலையில் அஞ்சலை எனக்குச் செராய்த் தண்டும் இஞ்சியும் தட்டிப் போட்டுத் தேத்தண்ணீர் வைக்கிறாள், சர்க்கரை இல்லாமல். முதலில் இட்லி, பிறகுதான் தேத்தண்ணீர். நானாக ஊற்றிக்கொள்வதில்லை. அவள் நீட்டும் வரை காத்திருக்கிறேன். அந்தச் செடி குழாயடியில் மறுபடியும் தழைத்துவிட்டது. தண்ணீர் ஊற்றுகிறாள், பறிப்பதில்லை.

லயத்தில் சிலர் என்னைத் தனியாகப் பிடித்து, "அது என்னா எலைண்ணே?" என்று கேட்கிறார்கள். உண்மை என்னவென்றால், அவள் விரல்கள் வேலை செய்து காய்த்துப் போனவை, சரியாக மூடாது. அன்று மிஸ்ஸி சொன்னது இடுக்கு வழியாக எனக்கு நன்றாகவே கேட்டது.

தெரியாது என்றுதான் சொல்கிறேன். என் காதைப் பொத்த அவள் அத்தனை பேர் முன்னால் ஓடிவந்தாளே, அது அப்படியே இருக்கட்டும்.